நிறை குறை சொல்லுங்கள், மக்களே

“ருத்ரன்... மெல்ல... தாரிணியின்... கன்னத்தை...”

தீபா நிறுத்துகிறாள். கையிலிருக்கும் தீக்குச்சியின் மருந்தில்லாத முனை, கைபேசித் திரையில் அடுத்த சொல்லுக்கு அடியில் நிற்கிறது. விரலை வைத்தால் எழுத்து ஓடிவிடுகிறது என்பதால் தீக்குச்சி. எதிரே தரையில் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும் அவளுடைய அம்மா பவுனுக்குப் பொறுமை போய்விட்டது.

“கன்னத்த இன்னா பண்ணான்டி? சொல்லித் தொலையேன்.”

“இரும்மா. வார்த்த பெருசா கீது. வ... ரு... டி... னான். வருடினான். மதலப், தடவிக் குடுத்தான்.”

“இதுக்கா இவ்ளோ நேரம்? அவன் தடவி முடிச்சு, கை கழுவி, சோறு துன்னவே போயிருப்பான்.”

பூனாவின் சாங்விப் பகுதியில் எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் மாலை ஏழு மணிக்கு இதுதான் நடக்கும். மற்றவர்கள் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடும் ஓர் அத்தியாயத்துக்குத் தீபாவுக்கு மூன்று மாலை வேண்டும். அவள் ஒரு முத்தக் காட்சியைப் படிக்கத் தொடங்கி முடிப்பதற்குள் கீழ்வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்த்து, நிச்சயம் செய்து, கல்யாணமும் முடித்துவிட்டார்கள். சரி, நிச்சயம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவுக்கு முப்பத்தெட்டு வயது. ஒல்லி உடம்பு. எதையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற வழக்கம் உண்டு. காய்கறியானாலும், சில்லறையானாலும், பக்கத்து வீட்டுக்கு மருமகளாக வந்த பெண்ணின் வளையலானாலும். கணவன் என்று ஒருவன் நாசிக்கில் இருக்கிறான். அவனைப் பற்றி அவள் பேசுவதில்லை. நானும் இங்கே பேசப்போவதில்லை.

தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து கட்கிக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அப்பாவும் அதே வேலை. தீபா படித்தது மராத்திப் பள்ளிக்கூடத்தில். அதனால் தமிழ் அவள் காதிலும் வாயிலும் இருந்ததே தவிர, கண்ணில் இல்லை. முப்பத்தைந்து வயது வரை தமிழ் எழுத்து என்பது அவளுக்கு அரிசி மூட்டைமேல் அச்சடித்திருக்கும் ஒரு கோலம்.

அதை மாற்றியது ஒரு தொலைக்காட்சித் தொடர். மாலை ஆறரை மணிக்கு வந்ததால் அந்த வீட்டில் அதற்கு ‘ஆறரை’ என்றே பெயர். அதன் நாயகன் ருத்ரன், நாயகி தாரிணி. இருவரும் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு ரயிலில் ஏறிய அன்று, என்ன காரணமோ, தொடரை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அதே நேரத்தில் வேறொரு குடும்பம் வந்து வேறொரு சண்டை போட்டது. பவுன் இரண்டு நாள் அதையும் பார்த்தார், நடுவில் எங்காவது இவர்கள் வந்து இறங்குவார்களா என்று. மூன்றாம் நாள், ஏதோ சொந்தக்காரர் வீட்டு விவகாரம் போல மகளிடம் சொன்னார்: “அதுங்க சேந்துச்சா இல்லியா, எங்கனா கேட்டுச் சொல்லு.”

கேட்டதில், அந்த இருவரையும் சேர்த்துவைக்க ஒரு கூட்டமே வேலை செய்துகொண்டிருப்பது தெரியவந்தது. தொடர் நின்ற இடத்திலிருந்து ரசிகைகள் தாங்களே கதையை எழுதுகிறார்கள். ஒருவர் கதையில் ருத்ரன் ராணுவத்தில் இருப்பான், இன்னொருவர் கதையில் மருத்துவராக இருப்பான். தாரிணி மட்டும் எல்லாக் கதையிலும் அழுவாள். இவை வெளிவரும் இணையதளத்துக்கு ‘ருத்ரிணி குடும்பம்’ என்று பெயர். உறுப்பினர்களுக்கு மட்டுமே திறக்கும் வீடு. தீபா உறுப்பினரானாள். பிறகுதான் தனக்குப் படிக்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. யூடியூபிலும், மளிகைக் கடைக்காரர் கொடுத்த தமிழ் நாள்காட்டியிலுமாக நான்கு மாதத்தில் எழுத்துகளைப் பிடித்துவிட்டாள்.

பகலில் அவளுக்கு வேறு வேலை. போசரியில் வண்டிகளுக்கு உதிரிப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் மேசையில் நிற்கிறாள். கையில் இரண்டு முனை உள்ள இரும்பு அளவி. ஒரு முனை வளையத்துக்குள் போக வேண்டும். மறுமுனை போகக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் வளையம் சிவப்புத் தொட்டிக்குப் போய்விடும். ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து இருநூறு வளையங்கள். அவள் பார்வை பட்டதுமே தப்பான வளையம் வெட்கப்பட்டுத் தானாகவே தொட்டிக்குள் குதித்துவிடும் என்று அவளுடைய மேற்பார்வையாளர் சொன்னதாகக் கேள்வி. நான் நம்பவில்லை. ஆனாலும் இதை ஏழு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

“பத்து வருஷமா தள்றேன் பெரிம்மா. எந்த வளையமும் என்னப் பாத்து அழுததில்ல” என்பாள். பெரிம்மா என்பது, அதே கட்டடத்தில் குடியிருக்கும் என்னை.

ருத்ரிணி குடும்பத்தின் வழக்கம் நேர் எதிர். அங்கே அத்தியாயத்துக்குப் பெயர் ‘யூடி’. எழுதுபவர் ‘ஆத்தர்ஜி’. படிப்பவர்கள் ஒருவருக்கொருவர் சிஸ், டியர், செல்லம். யூடி வந்த இரண்டாவது நிமிடம் இதயங்கள் விழத் தொடங்கும். ‘செம சிஸ்!’ ‘வேற லெவல்!’ ‘கண்ணு வேர்த்துடுச்சு டியர்.’ ‘நெக்ஸ்ட் யூடி எப்போ?’ நாலாயிரம் சொல் உள்ள அத்தியாயத்தை ஒன்றரை நிமிடத்தில் படித்து, அழுது, கண்ணையும் துடைத்துவிடுகிறார்கள். அங்கே விழும் அழுகைப் பொம்மைகளைப் பிழிந்தால் பவனா ஆற்றுப் பாலம் முழுகிவிடும். ஒருமுறை ஓர் ஆத்தர்ஜி கைதவறிப் போன வாரத்து யூடியையே மறுபடி போட்டுவிட்டார். எண்பத்தாறு இதயங்கள். ஒன்பதாவதாக வந்தவர், ‘இந்த ட்விஸ்ட்டை எதிர்பார்க்கவே இல்லை’ என்று எழுதியிருந்தார். இது என் கற்பனை இல்லை. கற்பனையாக இருந்தால் இதைவிட நம்பும்படி செய்திருப்பேன். மூன்று நாள் கழித்துத் தீபாதான் எழுதினாள்: “இது போன வாரம் வந்தது.”

ஒவ்வொரு யூடியின் அடியிலும் ஆத்தர்ஜிகள் தவறாமல் ஒரு வரி போடுவார்கள்: ‘உங்கள் நிறை குறைகளைச் சொல்லுங்கள், மக்களே.’ வீட்டு வாசலில் ‘நல்வரவு’ என்று எழுதிவைப்பது போன்ற வரி அது. அதைப் பார்த்துவிட்டு யாரும் உள்ளே வந்து இலை போடச் சொல்வதில்லை.

தீபா இலை போடச் சொன்னாள். எழுத்தைப் புதிதாகக் கற்றவள் என்பதால், எழுதியிருப்பதை அப்படியே நம்பினாள். நிறையைத்தான் இருநூறு பேர் சொல்லிவிட்டார்களே, மிச்சமிருப்பது குறைதான் என்று முடிவு செய்துகொண்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் தீக்குச்சி வைத்துப் படிப்பவள் கண்ணில் எதுவும் தப்பாது. அவள் எழுதியவற்றில் சில, எழுத்துப்பிழைகளை மட்டும் நான் திருத்தியது:

“ருத்ரனுக்குக் காலையில் வலது கையில் கட்டு. மத்தியானம் அதே கையால் தாரிணியைத் தூக்குகிறான். எந்த டாக்டர்?”

“தாரிணி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. மூன்று நாளும் அவள்தான் பிரியாணி சமைக்கிறாள். உப்பு யார் பார்த்தது?”

“பூனா கடற்கரையில் நடந்தார்கள் என்று போட்டிருக்கிறது. நான் பிறந்ததே இங்கேதான். வழி சொன்னால் நானும் அம்மாவும் வருவோம்.”

வந்த பதில்கள் வேறு தினுசு. ‘உங்களுக்கு வீட்ல ஏதாவது மனக்கஷ்டமா டியர்?’ ‘முதல்ல தமிழ் ஒழுங்கா எழுதக் கத்துக்கிட்டு அப்புறம் குறை சொல்லுங்க சிஸ்.’ பிரியாணிக் கதை எழுதியவர் கோபித்துக்கொண்டு எழுத்துலகத்திலிருந்தே விலகினார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கெஞ்சியதால் நான்கே நாளில் திரும்பி வந்தார்.

“குறை கேட்டாங்க, குடுத்தேன்” என்றாள் தீபா. “வேணாம்னா எதுக்குக் கேக்கணும்? சிவப்புத் தொட்டிய வெச்சுட்டு, அதுல போடாதன்னு சொன்னா எங்க கம்பெனில சிரிப்பாங்க.”

“கொஞ்சம் இனிப்பாச் சொல்லேன்” என்றேன்.

“எனக்கு அவ்ளோ தமிழ் தெரியாது பெரிம்மா.”

ஒருவர் மட்டும் விதிவிலக்கு. பூனாவிலேயே வானவடியில் இருக்கும் கிருஷ்ணப்ரியா. கோயம்புத்தூர்ப் பெண், கணினிக் கம்பெனியில் வேலை. அவருடைய கதையில் நாற்பது அத்தியாயங்களில் தீபா கண்டுபிடித்த குறைகள் மூன்றே மூன்று. தீபாவின் அகராதியில் அது காதல் கடிதம். மூன்றுக்கும் கிருஷ்ணப்ரியா, ‘ஆமாங்க்கா, மாத்திட்டேன்’ என்று பதில் போட்டு, உண்மையிலேயே மாற்றவும் செய்திருந்தார். அந்தப் பதில்களைத் தீபா படம்பிடித்துக் கைபேசியில் வைத்திருந்தாள். பவுனுக்கும் ருத்ரன், தாரிணி என்றால் கிருஷ்ணப்ரியாவின் ருத்ரன், தாரிணிதான். “மத்ததெல்லாம் டூப்ளிகேட்” என்பார்.

நாற்பத்தொன்றாம் அத்தியாயத்தில் தாரிணிக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிடுகிறது. தீபா படித்துக்கொண்டிருந்தாள், நானும் அங்கே இருந்தேன். தாரிணி இரண்டு பத்தி அழுதாள். மூன்றாம் பத்தியில் பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு தோழி கல்யாணத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பவுன் கையிலிருந்த வேலையை நிறுத்தினார். “அவ்ளோதானா?”

“அவ்ளோதாம்மா.”

“திரும்பப் படி.”

தீபா திரும்பப் படித்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டாம் முறையும் தாரிணி அதே இடத்தில் சிரித்தாள். பவுன் முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தீபாவுக்கு ஒரு தம்பி பிறந்து எட்டு மாதத்தில் போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு வருடம் பவுன் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லையாம். இதைத் தீபா அன்று சமையலறையில் நின்று மெதுவான குரலில் சொன்னாள். பிறகு கைபேசியை எடுத்தாள்.

அவள் எழுதியது இது: “தாரிணி பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு அடுத்த பத்தியில் சிரிக்கிறாள். நடுவில் உள்ள நாளெல்லாம் எங்கே? எங்கம்மாவுக்கு இது பொய் என்று படுகிறது. எனக்கும்தான். இந்த இடத்தை நீங்கள் பார்க்காமல் தாண்டிவிட்டீர்கள்.”

அதற்கு மேலே நூற்று நாற்பது இதயங்கள் இருந்தன. மறுநாள் கிருஷ்ணப்ரியா ஒரே வரி போட்டார்: ‘சில நாட்களுக்கு யூடி வராது.’

குடும்பம் கொதித்துவிட்டது. அதை நடத்தும் பார்கவி கோந்த்வாவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். தீபா ஒலிபெருக்கியில் போட்டாள்.

“தீபா, ப்ரியா மூணு நாளா அழறா. நீங்க ஒரு சாரி போடுங்க. கூடவே அந்த யூடி சூப்பர்னு ஒரு வரி. மேட்டர் ஓவர்.”

“சாரி போடறேங்க. சூப்பர்னு எப்டிப் போடறது?”

“எல்லாரும் எப்படிப் போடறாங்களோ அப்படித்தான்!”

“அவங்க படிக்கலியே.”

பார்கவி நிதானமாகச் சொன்னார். “இங்க யாரும் சம்பளத்துக்கு எழுதலை. ஆபீஸ், குழந்தை, மாமியார் எல்லாத்தையும் பாத்துட்டு எழுதறாங்க. அந்த ஒரு ஹார்ட்தான் அவங்களுக்குக் கூலி. அதையும் புடுங்கிட்டா எவ எழுதுவா? ஞாயித்துக்கிழமை ப்ரியாவோட கதை ஒரு லட்சம் வாசிப்புத் தாண்டினதுக்கு வானவடில கேக் வெட்டறோம். வாங்க. நேர்ல பேசி முடிச்சுக்கலாம். முடியலைன்னா உங்களை வெளியே எடுக்க வேண்டி வரும்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெளியே எடுத்தால் கதவு பூட்டிக்கொள்ளும். ஒரு வரிகூடப் படிக்க முடியாது. பவுனுக்கு ருத்ரனும் தாரிணியும் சேர்ந்தார்களா என்பது தெரியாமலே போய்விடும். தீபாவுக்கோ, இந்த உலகத்தில் அவள் தமிழில் எழுதிய நாலு வரிகள் இருக்கிற ஒரே இடம் போய்விடும். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் புதுச் சேலை எடுத்து இஸ்திரி போட்டதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். துணைக்கு என்னையும் கூட்டிப்போனாள். கையில் அரைக் கிலோ பாகர்வடி, இந்த ஊர்க் காரப் பலகாரம்.

வானவடிக் குடியிருப்பின் கூட்ட அறையில் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். கேக்கின் மேல் இதயத்துக்குள் ‘ருத்ரிணி’ என்று எழுதியிருந்தது. பார்கவி பெரிய சிரிப்போடு வந்தார்.

“வாங்க வாங்க. நம்ம ஹெட்மாஸ்டர் வந்தாச்சு! எல்லாரும் நோட்டை மூடி வைங்கடி.”

எல்லாரும் சிரித்தார்கள். தீபாவும் சிரிக்க முயன்றாள். கிருஷ்ணப்ரியா சிரிக்கவில்லை. சின்ன உருவம், கண்ணுக்குக் கீழே கறுப்பு. நேராக வந்து தீபாவை ஜன்னல் பக்கம் கூட்டிப்போனார். நானும் பாகர்வடியோடு பின்னாலேயே போனேன். யாரும் கூப்பிடாத இடத்துக்குப் போவது எனக்குப் பழக்கம்.

“உங்கம்மா என்ன சொன்னாங்க்கா? அப்படியே சொல்லுங்க.”

“அவ்ளோதானான்னாங்க. போய்ப் படுத்துட்டாங்க.”

கிருஷ்ணப்ரியா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “எனக்கும் போச்சுங்க்கா. போன வருசம். நாலரை மாசம். மூணாம் நாள் ஆபீஸ் போயிட்டேன், யாருகிட்டயும் சொல்லலை. டீம்ல ஒருத்தருக்குப் பொறந்த நாளுன்னு கேக் வெட்டுனாங்க. நானும் சிரிச்சுட்டு நின்னேன். போட்டோவே இருக்குது. அதைத்தானுங்க்கா எழுதுனேன். நீங்க பொய்ன்னுட்டீங்க.”

தீபாவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் கிருஷ்ணப்ரியாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “தெரியாதும்மா. அம்மா சத்தியமா தெரியாது. மன்னிச்சுக்கோ. உன் கால்ல வேணா விழறேன்.” நீங்க என்பது நீ ஆகிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

பார்கவி வந்துவிட்டார். “அதான் சொன்னேன். எழுதறவங்களுக்குள்ள என்ன இருக்குன்னு நமக்கு என்ன தெரியும்? போகட்டும். சாரி சொல்லியாச்சு. குரூப்ல யூடி சூப்பர்னு ஒரு வரி போட்டுடுங்க தீபா, கேக் வெட்டலாம்.”

இப்போது அவள் ‘சரி’ என்றிருக்கலாம். நான்கூட அவள் முழங்கையைக் கிள்ளினேன். தீபா கிருஷ்ணப்ரியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பது போல.

“நீ சிரிச்சது நெஜம்” என்றாள். “லேக்கின் அது யூடில இல்ல. அந்த போட்டோல சிரிக்கறப்ப உள்ள இன்னா இருந்துச்சு? அத எழுதல நீ. தாரிணி சும்மா சிரிக்கறா. உனக்கு நடந்தத எழுதியிருந்தா எங்கம்மா எழுந்து போயிருக்க மாட்டாங்க.”

யாரோ ‘அய்யோ’ என்றார்கள். கிருஷ்ணப்ரியா தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு மேசைக்குப் போனார். கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டினார், எல்லாத் துண்டும் ஒரே அளவாக. ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார்கள். எல்லாருமே படத்தில் நிற்க வேண்டும் என்பதால், “நீங்க எடுங்க தீபா” என்று பார்கவி தன் கைபேசியை நீட்டினார்.

தீபா எடுத்தாள். நடுவில் கிருஷ்ணப்ரியா கேக் தட்டோடு நின்று சிரித்தார்.

திரும்பி வரும் வழியில், பேருந்து ரயில் நிலையத்தைத் தாண்டும்போது, அவள் கைபேசியைத் திறந்து பார்த்தாள். ‘இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வந்தது. அதையும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

அம்மாவிடம் ஒளிக்கவில்லை. “என்ன வெளிய அனுப்பிட்டாங்கம்மா” என்றாள். இரண்டு நாள் கழித்துப் பவுன் என்னைக் கூப்பிட்டு, “நீங்க உள்ள கீறீங்க இல்ல? அதுங்க இன்னா ஆச்சுன்னு படிங்களேன்” என்றார். நான் உறுப்பினர்தான், இதயம் போட்டுக் காலந்தள்ளுகிறவள். நாற்பத்திரண்டாம் அத்தியாயம் வந்திருந்தது. ருத்ரனும் தாரிணியும் கொடைக்கானலில் படகு ஓட்டினார்கள். நான் படிக்கத் தொடங்கியதும் சமையலறையில் தீபா குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். ஏழு நிமிடத்தில் முடித்தேன். தண்ணீர்ச் சத்தம் அதுவரை நிற்கவில்லை.

“நீங்க படிச்சா ஆட்டோ மாதிரி ஓடுது” என்றார் பவுன். “ஒண்ணும் ஒட்டல. வுடுங்க.”

அதோடு ஏழு மணி வாசிப்பு நின்றுபோனது. தீபா மாலையில் கூடுதல் நேர வேலை எழுதிக் கொடுத்துவிட்டாள். பவுன் தொலைக்காட்சியில் எதையோ ஓடவிட்டுத் தூங்குகிறார். மாடிப்படியில் ஒருநாள் பார்த்தபோது தீபா சொன்னாள்: “எழுத்து மறந்துடும் போல கீது பெரிம்மா. நேத்து காலண்டர்ல ‘ழ’வப் பாத்து யோசிச்சேன்.”

ருத்ரிணி குடும்பம் நிம்மதியாக இருக்கிறது. ருத்ரனின் காயங்கள் மத்தியானத்துக்குள் ஆறிவிடுகின்றன. பூனா கடற்கரையில் அலை நன்றாக அடிக்கிறது. கிருஷ்ணப்ரியா வாரம் ஒரு யூடி போடுகிறார். முந்நூறு இதயங்கள் வரை விழுகின்றன. போன வாரம் அதில் ஒன்று நான் போட்டது, படிக்காமல்.

சென்ற வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் பால் வாங்கப் போனேன். முனையில் மூடியிருந்த கடையின் படியில் தீபா உட்கார்ந்திருந்தாள். கம்பெனி பஸ் அங்கேதான் வரும். அதை விட்டால் அன்றைய ஷிஃப்ட் போய்விடும். அவள் நிமிராமல் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

விடியற்காலை நான்கு மணிக்குக் கிருஷ்ணப்ரியாவின் எண்ணிலிருந்து ஒரு நீண்ட செய்தி வந்திருந்தது. வணக்கம் இல்லை, அக்கா இல்லை, நலமா இல்லை. நேராகக் கதை. தாரிணி மூன்றாம் நாள் வேலைக்குப் போகிறாள். அலுவலகத்தில் யாருக்கோ பிறந்த நாள். எல்லாரும் பாடுகிறார்கள். பிள்ளை போய்விட்டது என்பது அவள் உடம்புக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை. பாட்டின் நடுவில் பால் சுரந்து ரவிக்கை நனைகிறது. ஒருவர் படம் எடுக்கக் கைபேசியைத் தூக்குகிறார். தாரிணி மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு, நீட்டிய கேக்கை வாங்கக் கை இல்லாமல், வாயால் வாங்கிச் சிரிக்கிறாள்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். இது குடும்பத்தில் வரவில்லை. அங்கே தாரிணி இன்னும் பச்சைப் பட்டில்தான் இருக்கிறாள்.

“உனக்கு மட்டும் அனுப்பியிருக்கா.”

“அனுப்பிட்டு பிளாக் பண்ணிட்டாங்க பெரிம்மா. போட்டோவக் காணோம் பாருங்க. போன் போகல. பேரு போட்டு அனுப்பினேன், ஒரே டிக்கு நிக்குது.”

எண்ணுக்கு மேலே இருக்க வேண்டிய முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிற வட்டம் இருந்தது.

“எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“நல்லா கீது” என்றாள். “ரொம்ப நல்லா கீது பெரிம்மா. சாயங்காலம் அம்மாவுக்குப் படிக்கணும்.” பிறகு திரையை மேலே தள்ளிக்கொண்டே போய் அடியில் நிறுத்தினாள். “கடைசி வரி மட்டும் வேணாம். ‘அவள் கதறினாள்’னு போட்டிருக்காங்க. கேக்க வாயால வாங்கறப்பவே முடிஞ்சுடுச்சு.”

சொல்லிவிட்டு அதையே தட்டச்சு செய்யத் தொடங்கினாள். முதலில் ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்றொரு வரி. இத்தனை வருடத்தில் அவள் யாருக்கும் எழுதாத வரி. அனுப்பினாள். ஒற்றைக் குறி விழுந்து, அப்படியே நின்றது.

“போகாதேடி அது.”

“தெரியும்.”

அடுத்த வரிக்கு எழுத்துத் தேடினாள். கம்பெனி பஸ் முனை திரும்பி வந்து எங்கள் எதிரே நின்றது. கதவு திறந்தது. உள்ளே இருந்த பெண்கள் ஜன்னலைத் தட்டினார்கள். ஓட்டுநர் இரண்டு முறை ஒலி எழுப்பிவிட்டுத் தலையை நீட்டி, “தாயீ, சலா!” என்று மராத்தியில் ஏறச் சொன்னார்.

தீபா தலையைத் தூக்கவில்லை. இடது கையை மட்டும் உயர்த்தி, போகச் சொல்லி அசைத்தாள்.